புரட்டாசி முதல் மார்கழி வரை: செட்டிநாட்டில் ஊருணியும் கொல்லைத் தோட்டமும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவமழை; அதுவும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வற்றாத ஆறு எதுவும் இங்கே கிடையாது. மேலே செம்மண், தோண்டினால் சரளை, அதற்கும் கீழே செம்புறாங்கல். அந்த இரண்டு மாதத்தில் பிடித்து வைத்த தண்ணீரில்தான் மீதிப் பத்து மாதமும் ஓட வேண்டும். அதனால் இந்த ஊர்களில் மழைக்காலத் தோட்ட வேலையில் தண்ணீர் பாய்ச்சுவது சின்ன வேலை. தண்ணீரை எங்கே விடுவது, எங்கே நிறுத்துவது, எங்கிருந்து வெளியேற்றுவது என்பதுதான் பெரிய வேலை. அது ஒரு வீட்டுக்குள் முடிகிற வேலையும் இல்லை. உங்கள் கொல்லையிலிருந்து வழிவது அடுத்த வீட்டைத் தாண்டித்தான் ஊர்ப் பொதுக் குளமான ஊருணிக்குப் போயாக வேண்டும்.

கீழே சொல்வது ஆவணிக் கடைசியிலிருந்து மார்கழி முடிய, வேலை வருகிற வரிசையில். ஐந்து சென்ட் கொல்லையை மனத்தில் வைத்து அளவுகள் தரப்பட்டுள்ளன.

ஆவணிக் கடைசி: வரத்துக்கால்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. அதாவது ஐப்பசி பிறந்த சில நாளில். ஆனால் "புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்று சும்மா சொல்லவில்லை. பகலில் மண்டை பிளக்கும், மாலையில் இடி இறங்கும். ஆகவே வரத்துக்கால் (மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வாய்க்கால்) வேலை புரட்டாசி பிறக்கும் முன்பே முடிய வேண்டும். ஊர்க்கூட்டத்தை ஆவணி இருபதுக்குள் கூட்டிவிடுங்கள். செலவைப் புள்ளிக்கணக்கில் (மணமான தம்பதிக்கு ஒரு பங்கு) பிரிப்பதா, தலைக்கட்டுக்கணக்கில் (குடும்பத்துக்கு ஒரு பங்கு) பிரிப்பதா என்பது ஊர் வழக்கம்; எதுவானாலும் வேலை தொடங்கும் முன் முடிவாக வேண்டும். முடிந்த பிறகு வசூல் என்றால் பாதி வராது.

முதலில் வரத்தை மேட்டிலிருந்து ஊருணி வாய் வரை நடந்து பாருங்கள். கீழிருந்து மேலே போனால் அடைப்பு மட்டும் தெரியும்; மேலிருந்து வந்தால்தான் தண்ணீர் எங்கே பிரிந்து வேறு பக்கம் ஓடுகிறது என்பது தெரியும். எங்கே சாலை உயர்த்தியிருக்கிறார்கள், எந்தக் குழாய்ப் பாலம் மண் மூடிக் கிடக்கிறது, யார் வீட்டுக் கட்டட மண் குவிந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வரத்தில் முளைத்த சீமைக்கருவேலத்தை அரிவாளால் தரையோடு சீவுவது வீண்வேலை. தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கும் கணுக்களிலிருந்து அது மறுபடி துளிர்க்கும், ஒன்று நான்காகும். சுற்றி மண்ணைப் பறித்து, தரைக்கு ஓர் அடி கீழே வெட்டுங்கள். மழைக்கு முன் மண் கல்லாக இருக்கும், கடப்பாரைதான் பேசும். பெரிய மரமாக இருந்தால் ஜேசிபி ஒரு மணி நேர வாடகை, பத்து ஆள் கூலியைவிட மலிவு.

ஊருணி வாய்க்கு ஐந்தாறு அடி முன்னால் நாலுக்கு நாலு அடி, மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி எடுங்கள். ஓடிவரும் தண்ணீர் அங்கே வேகம் குறைந்து மணலையும் குப்பையையும் போட்டுவிட்டு உள்ளே போகும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அதைத் தூர்வார ஒரு ஆள் பொறுப்பு. இந்தக் குழி இல்லாத ஊருணிதான் சீக்கிரம் மேடாகிறது.

இன்னொன்று, பலரும் கோட்டை விடுவது: முதல் இரண்டு மழையின் தண்ணீரைக் குடிதண்ணீர் ஊருணிக்குள் விடக் கூடாது. தெருவில் எட்டு மாதம் சேர்ந்த சாணம், எண்ணெய், பிளாஸ்டிக் எல்லாம் அதில்தான் வரும். வாயில் மணல் மூட்டை அடுக்கி வெளியே திருப்பி விடுங்கள். மூன்றாம் மழையில் மூட்டையை எடுங்கள். "மழையே வராமல் போனால்?" என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான பயம்தான், அதனால்தான் எந்த மழையில் திறப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு வாதாடக் கூடாது.

ஊருணிக்குள் வண்டல் எடுப்பதென்றால் இதுதான் கடைசி வாய்ப்பு. கண்மாய் வண்டலுக்கு 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. ஊர் ஊருணி என்றால் பஞ்சாயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்கும்போது ஒரே எச்சரிக்கை: கறுத்த, பிசுபிசுத்த வண்டல் வரும் வரை எடுக்கலாம், அடியில் இறுகிய களி மட்டத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். அந்தக் களிதான் ஊருணியின் அடிப்பாய். அதைக் கிழித்து, செம்மஞ்சள் நிறத்தில் சரளை தெரிந்துவிட்டால் ஊருணி நிரம்பும், ஆனால் தைக்குள் வற்றிவிடும். "ஆழப்படுத்தினோம், தண்ணீர் நிற்கவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எடுத்த வண்டல் செம்மண் தோட்டத்துக்கு வரப்பிரசாதம். செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, வண்டல் வைக்கும். ஓர் அங்குலக் கனத்தில் பரப்பினால் போதும். ஒரு டிராக்டர் டிப்பர் (ஏறத்தாழ 100 கனஅடி) இரண்டே முக்கால் சென்ட்டுக்கு வரும். மூன்று அங்குலம் போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். மழையில் களியாகி, வெயிலில் வெடித்து, செடியின் வேரை அறுத்துவிடும்.

கூரைத் தண்ணீர்

ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 930 லிட்டர். ஓடு உறிஞ்சுவதும் சிதறுவதும் போக எழுநூற்றைம்பது கைக்கு வரும். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் சாதாரணம்; அப்படியானால் கிட்டத்தட்ட 3,700 லிட்டர். வளவு வீடுகளில் (நடுவே திறந்த முற்றம் உள்ள செட்டிநாட்டு வீடுகள்) முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்த பிறகு, மீதி கல் பாவிய வடிகால் வழியாகத் தெருவுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகும்படி கட்டியிருக்கிறார்கள். அந்த வடிகாலை முதலில் சோதியுங்கள். முற்றத்தில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, வாசல் பக்கம் ஒருவர் நின்று எத்தனை நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். வரவில்லையென்றால் நீள மூங்கில் பிளாச்சால் குத்துங்கள். ஆசிட் ஊற்ற வேண்டாம், சுண்ணாம்புக் கட்டு அரிக்கும்.

கூரை மடக்குகளில் உள்ள தகர ஓடையில் அரசங்கன்றும் ஆலங்கன்றும் முளைத்திருக்கும். பிஞ்சாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பென்சில் கனம் வந்துவிட்டால் இழுக்கும்போது ஓடும் சேர்ந்து வரும், அப்போது அறுத்துவிட்டு வேரில் சுண்ணாம்பு வைத்துக் காய விடுவதே மேல்.

பூட்டிய வீடுகள் தனிக் கதை. ஒரு தெருவில் நாலு வீடு பூட்டிக் கிடந்தால் அந்த நாலு கூரைத் தண்ணீரும் பக்கத்து வீட்டுச் சுவரில்தான் இறங்கும். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பங்காளிகளுக்குப் புரட்டாசி பிறந்ததும் ஒரு போன் போட்டு, காவல்காரரிடம் சாவி கொடுக்கச் சொல்லி, கூரை ஓடையையும் முற்றத்து வடிகாலையும் ஒரு நாள் சுத்தம் செய்துவிடுவது தெருவுக்கே நல்லது. உள்ளே திறந்து கிடக்கும் தொட்டி, அண்டா, ஆட்டுக்கல் குழி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள், அல்லது சாக்கால் மூடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு முறை பார்த்தாக வேண்டும்.

மண்ணும் மேட்டுப்பாத்தியும்

நம் செம்மண்ணுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பலத்த மழை அடித்து, அடுத்த நாள் வெயில் காய்ந்தால் மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்குக் கட்டும். விதை அடியில் முளைத்து, பொருக்கைத் துளைக்க முடியாமல் வளைந்து செத்துப்போகும். "விதை சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் மண்ணைக் கிளறிப் பாருங்கள், வெளுத்த முளை சுருண்டு கிடக்கும். இதற்கு மருந்து மக்கு உரம்.

சென்ட்டுக்கு 100 கிலோ நன்கு மக்கிய தொழு உரம். கையில் எடுத்தால் உதிர வேண்டும், சாண வாடை வரக் கூடாது. பச்சைச் சாணம் போட்டால் காண்டாமிருக வண்டின் புழுவையும் சேர்த்துத் தோட்டத்துக்குள் அழைக்கிறீர்கள். அது புழுவாக இருக்கும்போது குப்பையைத் தின்னும், வண்டானதும் தென்னங்குருத்தைத் துளைக்கும். குப்பையைப் புரட்டும்போது சுண்டுவிரல் கனத்தில் வெள்ளையாகச் சுருண்டு கிடப்பதைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

பாத்தி, மழைக்காலத்துக்கு மேடாகத்தான் இருக்க வேண்டும். நான்கடி அகலம் (இரு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்டும்), முக்கால் அடி உயரம், நீளம் இடத்துக்குத் தக்கபடி. இரண்டு பாத்திக்கு நடுவே ஓர் அடி வாய்க்கால். வாய்க்கால் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து, கொல்லையின் தாழ்ந்த மூலையில் சேரட்டும். அந்த மூலையில் வாழையையும் சேம்பையும் வையுங்கள். அவைதான் ஈரத்தைத் தாங்கும். பப்பாளியைத் தப்பித்தவறியும் அங்கே வைக்காதீர்கள். அடித்தண்டில் ஒரு நாள் தண்ணீர் நின்றாலே அழுகத் தொடங்கிவிடும்.

மண் ஈரமாகப் பிசையும் பதத்தில் இருக்கும்போது கொத்தவோ மிதிக்கவோ கூடாது. ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, கட்டை விரலால் அழுத்தினால் உடைய வேண்டும். உடையாமல் நசுங்கினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

விதை

முளைப்பாரி போடுகிறவர்களுக்கு விதைச் சோதனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்சட்டியில் வைக்கோல், அதன் மேல் பொடித்த காய்ந்த சாணம், ஊறிய தானியம், இருட்டறை, தெளிக்கிற தண்ணீர். ஒன்பது நாள் பத்து நாளில் எந்த வீட்டுச் சட்டி கிளுகிளுவென்று வளர்ந்தது, எந்த வீட்டுச் சட்டி சோனியாக நிற்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதாவது யார் வீட்டு விதை தரமானது என்பதும். இருட்டில் வளர்வதால்தான் அந்த மஞ்சள் நிறம். வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும்.

தோட்ட விதைக்கு அதையே சின்னதாகச் செய்யலாம். ஐம்பது விதையை எண்ணி, ஈரச் சாக்குத் துண்டில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்துத் தினம் தண்ணீர் தெளியுங்கள். அவரை, வெண்டை, பூசணி ஏழு நாளில் முளைக்க வேண்டும். மிளகாய், கத்தரிக்குப் பதினான்கு நாள் வரை பொறுங்கள். நாற்பதுக்கு மேல் முளைத்தால் தைரியமாகப் போடலாம். முப்பது என்றால் விதையை ஒன்றரை மடங்கு கூட்டுங்கள். இருபதுக்குக் கீழே போனால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்பதுதான் வழி. வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் போன வருடம் உங்களிடம் வாங்கியிருப்பார்கள்.

விதைக்கும் முன் நூறு கிராம் விதைக்கு ஒரு கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் நுண்ணுயிர்) பொடியை ஆறிய கஞ்சியில் குழைத்துப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்துங்கள். மழைக்கால அழுகலை இது பெருமளவு தடுக்கும். சிவகங்கை மாவட்டத்துக்குக் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இத்தகைய பொடி எங்கே கிடைக்கும் என்று அங்கே கேட்கலாம்.

எதை எப்போது

அடைமழை தொடங்கும்போது ஒன்று, செடி வேர் பிடித்திருக்க வேண்டும், அல்லது இன்னும் நாற்றங்காலில் கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும். நட்டு நாலே நாள் ஆன நாற்றுதான் ஐப்பசியில் சாகிறது. இந்தக் கணக்கை வைத்தே எல்லாம்.

மிளகாய் நாற்று நடவுக்கு வர 40 முதல் 45 நாள், கத்தரி 30 முதல் 35, தக்காளி 25. புரட்டாசிக் கடைசியில் நட வேண்டுமானால் மிளகாயை ஆவணி நடுவிலும், கத்தரியை ஆவணிக் கடைசியிலும் விதைத்திருக்க வேண்டும். தக்காளியை அந்த ஓட்டத்தில் சேர்க்காதீர்கள். அடைமழையில் இலையெல்லாம் கருகி, பழம் வெடித்துப்போகும். ஐப்பசி நடுவில் கூரைக்குக் கீழ் விதைத்து, கார்த்திகை நடுவில் நடுங்கள். ஆவணியைத் தவறவிட்டவர்கள் மூன்றையுமே இப்படிக் கார்த்திகைக்குத் தள்ளிவிடலாம். நஷ்டமில்லை, பொங்கலுக்குக் காய் இருக்காது, அவ்வளவுதான். இடைவெளி: கத்தரிக்கு இரண்டடிக்கு இரண்டடி, தக்காளிக்கு இரண்டடிக்கு ஒன்றரை.

நாற்றங்கால் மூன்றடி அகலம், அரை அடி உயரம். நாலு விரல் இடைவெளியில் கோடு கிழித்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, சலித்த மக்கால் மூடி, மேலே வைக்கோல். ஐந்தாறு நாளில் முளை தலைகாட்டியதும் வைக்கோலை மாலை நேரத்தில் எடுங்கள். காலையில் எடுத்தால் பகல் வெயிலில் துவண்டுவிடும். தென்னங்கீற்றுப் பந்தல் மழைத்துளியின் அடியைத் தாங்கும், ஆனால் பந்தலுக்குக் கீழ் காற்றோட்டம் இல்லையென்றால் நாற்றழுகல் வரும்: தரையை ஒட்டிய தண்டு நூல் மாதிரி சுருங்கி, நாற்று வரிசையாகச் சாயும். சாய்ந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு (பூஞ்சைக்கொல்லி) லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து மண் நனைய ஊற்றுங்கள். அன்றோடு தண்ணீர் தெளிப்பதைப் பாதியாக்குங்கள்.

கீரை சென்ட்டுக்குப் பத்து கிராம் விதை போதும். பத்துப் பங்கு மணலில் கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். அடைமழைக்குள் கீரை போடாதீர்கள். மழை விதையை அடித்துக்கொண்டு போகும், மிச்சமானது இலையடியில் வெள்ளைப் புள்ளி நோய் பிடிக்கும். புரட்டாசி முதல் வாரத்தில் போட்ட சிறுகீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கி முடிந்திருக்கும். அடுத்தது கார்த்திகைப் பின்பாதியில். சின்ன வெங்காயமும் அப்போதுதான்: மேட்டுக்கால் எடுத்து, நாலு அங்குல இடைவெளியில் காயைப் பாதி மண்ணில் ஊன்றினால் மாசியில் எடுக்கலாம்.

கொடிகளில் பந்தல் அவரை வேறு சாதி. அதற்கு நாட்கணக்கு கிடையாது, பகல் நீளக் கணக்குதான். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும், பகல் குறைந்த பிறகே நாட்டு அவரை பூவெடுக்கும். முந்திப் போட்டால் கொடி மட்டும் பெருகும், "பூக்கவே இல்லை" என்று சிலர் புரட்டாசியில் வெட்டி எறிந்தும் விடுகிறார்கள். பொறுங்கள், கார்த்திகையில் கொத்துக் கொத்தாக வரும்.

பீர்க்கு, புடல், பாகல், சுரைக்கு ஒன்றரை அடிக் கனக் குழி, பத்து கிலோ மக்கு, ஐந்து விதை, முளைத்த பின் இரண்டை விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். கவனிக்க வேண்டியது: சரளை மண்ணில் எடுத்த குழி மழையில் பானை மாதிரி தண்ணீரைத் தேக்கும். குழியை மேல் மண்ணும் மக்கும் கலந்து நிரப்பி, தரைக்கு மேல் அரை அடி குவித்து, அந்தக் குவியலின் உச்சியில் விதையுங்கள்.

பூசணிக்குத் தேதி முக்கியம். மார்கழி முதல் நாள் வாசல் கோலத்தில் சாண உருண்டையில் வைக்கப் பூசணிப்பூ வேண்டுமென்றால், ஆண் பூ வர விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 40 முதல் 45 நாள் ஆகும். ஐப்பசிப் பத்துக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். கோலத்துக்குப் பறிக்கும்போது காம்பைப் பாருங்கள். பூவுக்குக் கீழே குட்டிப் பூசணி மாதிரி உருண்டை இருந்தால் அது பெண் பூ, கை வைக்காதீர்கள். நீளக் காம்பில் நேராக நிற்பது ஆண் பூ, அதைப் பறிக்கலாம். கொடிக்கு இரண்டு ஆண் பூவையாவது விட்டு வையுங்கள்.

அடைமழை நாட்கள்

ஐப்பசியில் தோட்டத்தில் செய்யாமல் இருக்க வேண்டியதே அதிகம். யூரியா போடாதீர்கள், அடுத்த மழையில் ஊருணிக்குத்தான் போகும், பாசி வளரும். ஈரச் செடியைத் தொட்டுத் தொட்டு நடக்காதீர்கள், நோய் கையோடும் உடையோடும் பரவும். தினம் காலையில் மண்வெட்டியோடு ஒரு சுற்று, வாய்க்கால் அடைப்பை எடுத்துவிட்டு வந்தால் போதும்.

தண்ணீர் சுற்றி நிற்கும்போதே செடி வாடுவதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறவர்கள் உண்டு. வேருக்குக் காற்று கிடைக்கவில்லை என்பதுதான் அந்த வாட்டம். வடித்துவிட்டு, மண் உலரத் தொடங்கியதும் களைக்கொத்தால் பொருக்கை உடையுங்கள். மழை விட்ட பிறகு இலைகள் மஞ்சளாக இருந்தால் தழைச்சத்து அடித்துக்கொண்டு போயிருக்கிறது. லிட்டருக்கு பத்து கிராம் யூரியா கரைத்து இலையில் தெளிக்கலாம். வேண்டாதவர்கள் பத்து லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் தெளியுங்கள்.

விடாமல் தூறும் நாட்களில் தேனீ வராது. கொடியில் பெண் பூ வந்து, பிஞ்சு மஞ்சளாகி உதிரும். நோய் என்று மருந்தடிப்பார்கள். நீங்களே மகரந்தம் சேர்த்தால் தீர்ந்தது: ஆண் பூவின் இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டு உருட்டுங்கள். நேரம்தான் சூட்சுமம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் விரியும், எட்டு மணிக்குள் முடியுங்கள். பீர்க்கு, சுரை, புடல் மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு விரியும். டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்.

டார்ச் என்றதும் இன்னொன்று. ஊருணி நிரம்பும்போது வளைகளில் தண்ணீர் ஏறி, பாம்பு மேட்டுக்கு வரும். விறகுக் கட்டும் ஓட்டுக் குவியலும் அதற்கு வீடு. இருட்டில் வெறுங்காலோடு கொல்லைக்குப் போகாதீர்கள், விறகை வெறுங்கையால் இழுக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை; விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

முருங்கையில் மழைக்குப் பின் கம்பளிப்புழு படையெடுக்கும். இரவில் ஏறி இலையைத் தின்றுவிட்டுப் பகலில் அடிமரத்தில் கம்பளம் விரித்தது மாதிரி ஒட்டிக்கிடக்கும். பகலில் நீளக் கழியில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்தி, மரப்பட்டை கருகாமல் ஓட்டமாகக் காட்டினாலே உதிரும். ரோமம் மேலே பட்டால் தடித்துவிடும், உடம்பை மூடிக்கொள்ளுங்கள். கூரையை ஒட்டிய மரமென்றால் பந்தம் வேண்டாம், சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.

ஊருணிக் காவலும் இந்த மாதத்தில்தான் சூடு பிடிக்கும். துவைப்பதில்லை, குளிப்பதில்லை, மாடு இறக்குவதில்லை, செருப்போடு படியில் கால் வைப்பதில்லை என்ற வழக்கம் குடிதண்ணீர் ஊருணிகளில் இன்றும் உண்டு. விசேஷத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. தீபாவளிக்கு முன் ஒரு பலகை எழுதி வைத்துவிடுங்கள்.

கார்த்திகையும் மார்கழியும்

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை." ஆகவே தீபம் முடிந்ததும் வேலை தலைகீழாக மாறும். இதுவரை வெளியேற்றியதை இனி நிறுத்தி வைக்க வேண்டும். பாத்தி வாய்க்கால்களைக் குறுக்கே மண் போட்டு அடையுங்கள். களையெடுத்து, மண் அணைத்து, ஈரம் இருக்கும்போதே வைக்கோல், சருகு, கடலைத் தொலி எதையாவது மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். காய்ந்த மண்ணில் பரப்பினால் பாதிப் பலன்கூட இல்லை. தென்னைக்கு மார்கழியில் இரண்டாம் தவணை உரம்: மரத்துக்கு யூரியா 650 கிராம், சூப்பர் பாஸ்பேட் ஒரு கிலோ, பொட்டாஷ் ஒரு கிலோ. அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளி வட்டமாக. மாமரத்துக்கு மட்டும் இப்போது தண்ணீர் காட்டாதீர்கள். அது கொஞ்சம் காய்ந்தால்தான் பூவெடுக்கும்.

பாகல், பீர்க்கில் பிஞ்சு ஓரிடத்தில் வளைந்து, கீறினால் புழு நெளிந்தால் பழ ஈ. குத்துப்பட்டதைச் செடியிலும் தரையிலும் விடாமல் பொறுக்கி, பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். புதைப்பதென்றால் இரண்டடி ஆழம். சும்மா மண் தள்ளினால் புழு அங்கேயே கூடு கட்டி மறுபடி ஈயாக வரும். பக்கத்துக் கொல்லையில் அழுகிய காய் கிடந்தால் உங்கள் உழைப்பு வீண், தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

மார்கழிப் பனியில் அவரைக் கொழுந்தில் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) அப்பும், எறும்பு ஏறுவது முதல் அடையாளம். அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வடிகட்டத் தென்னம் பன்னாடை போதும், பிறகு ஒரு முறை துணியில். கொடிகளின் இலையில் மாவு தூவியது போலச் சாம்பல் நோய் வந்தால் கந்தகம் அடிக்காதீர்கள். பூசணிக் குடும்பத்துக்குக் கந்தகம் ஒத்துக்கொள்ளாது, இலை கருகும். நோய் கண்ட அடி இலைகளைக் கிள்ளி, காற்று புக வழி செய்யுங்கள்.

கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொன்றாம் நாள் செட்டிநாட்டில் பிள்ளையார் நோன்பு. இழை (நோன்புக்கான நூல் திரி) எடுக்கும்போது வைக்கிற ஆவாரம்பூவை இப்போது பலரும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வேலியோரம் நாலு ஆவாரஞ்செடி இருந்தால் அந்தத் தேவையே இல்லை. சரளைதான் அதற்குப் பிடித்த மண், தண்ணீர் கேட்காது, ஆடும் எளிதில் வாய் வைக்காது. காய் முற்றியதும் நெற்று எடுத்து, கொதிநீரை ஊற்றி ஆறும் வரை ஊறவிட்டு விதைத்தால் முளைப்பு கூடும்.

அடுத்த ஆண்டு விதைக்கு, முதல் காயையும் கடைசிக் காயையும் விடுங்கள். நடுப்பருவத்தில், நோயில்லாத கொடியில், நல்ல வடிவான இரண்டு காயைத் துணி கட்டி அடையாளம் வைத்து முற்ற விடுங்கள். எடுத்த விதையை மூன்று நாள் காலை வெயிலில் மட்டும் காயவைத்து, ஆறிய பிறகு சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து பாட்டிலில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பாட்டிலில் விதையின் பெயரோடு, எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஆவணியில் அந்த வீட்டார் கேட்டு வருவார்கள்.